கழற்றி வைத்த றிசீவர்

சேதி வந்தது காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு.

இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவது, அதை நான் எழுதி வைத்திருப்பதால்தான். இன்று காலை ஆசுபத்திரி ஒப்பரேசன் தியேட்டர் அலுமாரியில் கிடந்த பழைய மயக்கமருந்து அட்டைகளை மாதவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அட்டை கையில் வந்தது. குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்த, வயல் செய்கிற ஒரு கமக்காரருடையது. நாடி, இரத்த அழுத்தம், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எல்லாம் என் எழுத்தில் இருக்கின்றன. கடைசி வரியில் 9.12 என்று மட்டும் இருக்கிறது. அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறேன். பழக்கத்தில் கை எழுதியிருக்கிறது.

"ஒன்பது பன்னிரண்டுக்கு இவருக்கு என்ன குடுத்தது?" என்று டொக்டர் ஐயா பிறகு கேட்டாராம். அது என்ன நேரம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை வெட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. அப்படியே கட்டுக்குள் வைத்துவிட்டார்.

நாலு மாதமாகிறது. உமக்கு எழுத வேண்டுமென்று இருந்து எழுதத் தொடங்கவில்லை. அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, பேனா சட்டைப் பையில் இருந்தது. இப்போது கொப்பித் தாளுக்கு வந்துவிட்டேன்.

நீர் தாதி மிஸியாகத் தியேட்டருக்கு மாற்றலாகி வந்தபோது நான் அங்கே இரண்டு வருடம் பழையவன். சிலிண்டர், குழாய், மயக்கமருந்து இயந்திரம், அதில் தொங்குகிற கறுப்பு றப்பர்ப் பை எல்லாம் என் பொறுப்பு. டொக்டர் ஐயா மருந்து கொடுப்பார், நான் பையை அழுத்துவேன். வந்த முதற்கிழமையே நீர் மருந்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

"இந்தச் சின்னக் குப்பியில என்ன?"

"கியூராரே. தசையைத் தளர்த்திற மருந்து. தென்னமெரிக்காக் காட்டில அம்பு நுனியில பூசிற நஞ்சு அது."

"நஞ்சை ஏன் எங்கட சனத்துக்கு ஏத்திறியள்?"

நான் படித்ததை ஒப்புவித்தேன். மயக்கம் தருகிற ஈதரை மட்டும் வைத்து வயிற்றுத் தசையை இளக்குவதென்றால் ஆளை மிகவும் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்பிவர நேரமெடுக்கும், ஆபத்தும் கூட. இது கொஞ்சம் போட்டால் போதும், வயிறு இளகிவிடும். ஆனால் எல்லாத் தசையும் சேர்ந்து இளகும். மூச்சும் நிற்கும். அதனால்தான் பையை அழுத்துகிறோம். வேலை முடிந்ததும் நியோஸ்டிக்மின் கொடுத்து முறிப்போம்.

"அப்ப இதிலயே நித்திரையும் வருமோ?"

"இல்லை. நித்திரைக்கு வேற மருந்து. இது தசைக்கு மட்டும்தான்."

"நித்திரை மருந்து முதல்ல முறிஞ்சு, இது முறியாமல் கிடந்தா?"

நான் சிலிண்டரைத் திருகிப் பார்க்கத் தொடங்கினேன். திருக ஒன்றும் இருக்கவில்லை. நீர் அதைக் கவனித்தீர் என்று பிறகு ஒருநாள் சொன்னீர்.

மருந்து முறிந்ததா என்று அறிய, நரம்புக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து விரல் துடிப்பதைப் பார்க்கிற ஒரு சின்னப் பெட்டி வெளிநாடுகளில் வந்துவிட்டதாக டொக்டர் ஐயா வாசித்துச் சொல்வார். எங்களிடம் பெட்டி இல்லை. கண்ணைத் திறவுங்கோ, நாக்கை நீட்டுங்கோ, கையை இறுக்கிப் பிடியுங்கோ, தலையைத் தூக்குங்கோ. தூக்கிய தலை நாங்கள் ஐந்து எண்ணும்வரை நிற்க வேண்டும். மூன்றில் விழுந்தால் இன்னும் இருக்கிறது என்று கணக்கு. கை ஏமாற்றும், கண் ஏமாற்றும், தலை ஏமாற்றாது என்பது டொக்டர் ஐயாவின் பேச்சு.

கை எங்களை எப்படி ஏமாற்றியது என்று கண்டுபிடித்தது நீர்தான். பெண்கள் யாரும் என் கையை அழுத்துவதில்லை. "வலு குறைவு" என்று நான் அட்டைக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். நீர் மூன்று நாள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்.

"வயல்ல நெல் அரிவு வெட்டிற கை அது. உங்கட விரலை முறிச்சுப் போடும். பிற ஆம்பிளையின்ர கையை அவா ஏன் பிடிப்பா? அரை மயக்கத்திலயும் அந்த நினைப்பு இருக்கும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"நான் என்ர கையைக் குடுக்கிறன்."

"எவ்வளவு அழுத்தினாப் போதும் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு எப்பிடித் தெரியும்?"

நீர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினீர். "இது காணாது." இன்னும் அழுத்தினீர். "இவ்வளவு எண்டா வார்டுக்கு அனுப்பலாம்." டொக்டர் ஐயா வாசலில் நின்று, "என்ன காணும், ஆருக்கு மருந்து முறியுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வருட முடிவில் எங்கள் கலியாண எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்ததும் அவர்தான்.

நெளுக்குளத்து அக்காவை உமக்கு ஞாபகம் இருக்கும். இப்போது நினைத்தாலும் அது சிரிக்கிற பகிடிதான். ஆனால் அன்று பகிடியாக இருக்கவில்லை. குடல்வால் ஒப்பரேசன் முடிந்து, முறிப்பு மருந்தும் கொடுத்து, கண் திறந்து, நாக்கு நீட்டி, உம்முடைய கையையும் நன்றாக இறுக்கினா. தலையை மட்டும் தூக்கவில்லை. டொக்டர் ஐயா இன்னொரு தரம் முறிப்பு மருந்து கொடுத்தார். நாடி இறங்கத் தொடங்கியது. அறுபது, ஐம்பது, நாற்பத்தாறு. நாடியை ஏற்ற நான் அட்ரோப்பினை எடுத்துக் கொடுத்தேன். அப்போது நீர் அவவின் காதருகே குனிந்து கேட்டீர்.

"அக்கா, தலையைத் தூக்க ஏலாமல் கிடக்கோ, தூக்க மனமில்லாமல் கிடக்கோ?"

அக்கா கரகரத்த குரலில் சொன்னா: "தூக்கப்படாது பிள்ளை. தூக்கினாச் சாகும்வரைக்கும் தலையிடி எண்டு என்ர தங்கச்சிக்குச் சொன்னவை."

தங்கச்சிக்கு முதுகில் ஊசி போட்டு வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டவர்கள் ஒருநாள் தலை தூக்கக்கூடாது என்பது உண்மை. அதை எங்கள் ஆட்களே படுக்கைக்குப் படுக்கை சொல்லி அனுப்பியிருக்கிறோம். அது குடியேற்றத் திட்டத்து ஊர்கள் எல்லாம் சுற்றி, தியேட்டருக்குப் போனால் தலையைத் தூக்கப்படாது என்ற சட்டமாக எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. நாடி எழுபதுக்கு வந்தபிறகுதான் டொக்டர் ஐயா கதிரையில் இருந்தார். "படிச்சது முழுக்க நாங்கள், ஆனா சட்டம் போடுறது அவை" என்றார்.

அன்று பின்னேரம் தொடக்கம் நீர் வார்டுக்குப் போகத் தொடங்கினீர். அடுத்தநாள் ஒப்பரேசன் உள்ள ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வீர். "நாளைக்கு உங்களை ஒரு குரல் தலையைத் தூக்கச் சொல்லும். அது இந்தக் குரல்தான், நல்லாக் கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அது சொன்னாத் தூக்கலாம், தலையிடி வராது." நான் உமக்குப் பின்னால் அட்டைகளைக் காவிக்கொண்டு வருவேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

பிறகு முல்லைத்தீவுப் பெரியவர். கருவாட்டு வியாபாரம் செய்கிற முஸ்லிம் மனிதர், பித்தப்பைக்கு வந்தவர். ஒப்பரேசன் முடிந்த இரண்டாம் நாள் அவர் வார்டில் இருந்து உம்மைக் கூப்பிட்டார்.

"மகள், உங்கட தியேட்டர்ல ஒரு மணி இருக்கா?"

"போன் இருக்கு வாப்பா. அதின்ர மணிதான்."

"அது அடிச்சிக்கிட்டே கிடந்திச்சு. ஆராச்சும் எடுங்களன் எண்டு சொல்லப் பாத்தன். வாய் வரல்ல. கை வரல்ல. கண்ணும் திறக்கல்ல. சரி, மௌத்தாப் போயிட்டம், கபுறுக் குழிக்குள்ள வைச்சிட்டாங்க எண்டு முடிவு கட்டிட்டன். பொறகு யோசிச்சன், கபுறுக்குள்ள எப்பிடிப் போன் அடிக்கும்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீர் சிரிக்கவில்லை.

"பிறகு எப்பிடி வாப்பா உயிரோட இருக்கிறியள் எண்டு தெரிஞ்சது?"

"நீங்கதானே மகள் சொன்னீங்க. 'நான் பக்கத்தில இருக்கிறன், மருந்து இன்னும் முறியேல்லை, முறியும்' எண்டு. அந்தச் சொல்லைப் பிடிச்சிக்கிட்டுத்தான் கிடந்தன்."

நீர் அதை எல்லோருக்கும் சொல்கிற வழக்கம். அவருக்குக் கேட்கும் என்று நினைத்துச் சொன்னீரோ, சும்மா சொன்னீரோ, நான் கேட்டதில்லை. அன்று வார்டிலிருந்து திரும்பி வரும்போது நடைபாதையில் நின்று சொன்னீர்: "கேக்குது. அசைய ஏலாட்டியும் கேக்குது. அப்பிடியெண்டா அவைக்குக் கேக்கிற முதல் சத்தம் அந்த மணியா இருக்கப்படாது."

அடுத்த நாள் முறிப்பு மருந்து கொடுக்கிற நேரம் வந்ததும் நீர் போய்ப் போன் றிசீவரைக் கழற்றி மேசையில் வைத்தீர். டொக்டர் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன காணும், ஆசுபத்திரி லைனை அறுத்துப் போட்டீரோ?"

"பத்து நிமிசம்தான் ஐயா. அவசரமெண்டா ஆள் ஓடி வரும்."

நான் மணிக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சு வைத்தால் ஒருவருக்கும் கேட்காது. அதுவும் கழற்றி வைப்பதும் ஒன்றுதான். ஆகவே கழற்றி வைப்பதே எங்கள் தியேட்டரின் முறையாகியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவருக்கும் பழகிவிட்டது. அந்த நேரத்தில் யார் கேட்டாலும் "லைன் கிடையாது, தியேட்டர் எங்கேஜ்" என்று சொல்லிவிடுவார். கலியாணத்துக்குப் பிறகு நீர் லீவில் நிற்கிற நாட்களில் அதை நான் செய்தேன். முறிப்பு மருந்து, றிசீவர், பிறகு காதுக்குள் உம்முடைய வசனம். என்னுடைய குரலில் அது அறிவித்தல் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வீர். "பஸ் வெளிக்கிடப் போகுது எண்டு சொல்லுற மாதிரிச் சொல்லுறியள்."

அரிவு வெட்டுக்கு ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு துணுக்காய்க்குப் போனீர். கலியாணம் கட்டிப் பதினொரு மாதம். உம்முடைய ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி எடுத்த வயல் அது. "நாலாள் செய்யிற வேலையை அம்மா தனியச் செய்வா, நான் போகாட்டி சரிவராது" என்றீர். பஸ்ஸில் ஏறி இருந்துகொண்டு யன்னலால் கையை நீட்டினீர். நான் பிடித்தேன். "இவ்வளவு எண்டா வார்டுக்கு அனுப்பலாம்" என்றீர். கண்டக்டர் எங்களைப் பார்த்தார்.

இனி எழுதப்போவது நான் காணாதது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபிறகு உம்முடைய தங்கச்சியை இருத்திக் கேட்டேன். அவ சொன்ன வரிசையில் எழுதுகிறேன்.

வீடு நிறைய வேலையாட்கள். கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டு நீர் நெல்மூட்டைக்குப் பக்கத்தில் பாயில் படுத்தீர். விடியும்போது வயிற்றுவலி என்றீர். அம்மா இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தந்தா. அது தொண்டைக்குள் இறங்கவில்லை. கண்மடல் பாதியில் நின்றது. "அக்காவுக்கு நித்திரை முறியேல்லை" என்று தங்கச்சி பகிடி பண்ணினாவாம். நீர் தலையைத் தூக்கினீராம். எண்ணினீராம். மூன்றில் தலை விழுந்தது. திரும்பவும் தூக்கினீர். இரண்டில் விழுந்தது.

"பாம்பு" என்றீர். "கட்டுவிரியன். எங்கயெண்டு தேடாதேங்கோ, கடிச்ச அடையாளம் இருக்காது. அவருக்குப் போன் எடுங்கோ. அவருக்குத் தெரியும்."

வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. வீக்கம் இல்லை, கடித்த நோவு இல்லை, இரத்தம் இல்லை. ஆனால் நீர் சொன்னது சரி. கியூராரே பூட்டுகிற அதே பூட்டைத்தான் கட்டுவிரியன் நஞ்சும் பூட்டும். நரம்பு சொல்லும், தசைக்குக் கேட்காது. உள்ளே ஆள் அப்படியே இருப்பார். டொக்டர் ஐயா ஒருமுறை சொல்லி, நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டது. அதை முறிக்க எங்களிடமும் மருந்து இல்லை. ஆனால் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் நஞ்சு தானாக விடும். பையை இரண்டு நாள் அழுத்தச் சொன்னாலும் அழுத்தியிருப்பேன். மூன்று நாள் என்றாலும்.

உம்முடைய ஐயா சைக்கிளில் போன் இருக்கிற தபாற்கந்தோருக்குப் போனார். பத்து நிமிட ஓட்டம். நீர் கலண்டர் தாளில் எழுதிக் கொடுத்திருந்த ஒரேயொரு இலக்கம், தியேட்டர் இலக்கம், அவரிடம் இருந்தது. கந்தோர் எட்டரைக்குத் திறந்தது. எட்டு முப்பத்தாறுக்கு முதல் தரம் லைன் கேட்டிருக்கிறார். எங்கேஜ்.

என் அட்டையில் 8.35 என்று இருக்கிறது. நியோஸ்டிக்மின், அட்ரோப்பின். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் றிசீவரைக் கழற்றியிருப்பேன். அன்று அந்தக் கமக்காரருக்கு மருந்து முறிய நேரமெடுத்தது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. நான் அவருடைய காதுக்குள் குனிந்து, நான் பக்கத்தில் இருக்கிறன், முறியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உம்முடைய ஐயா இன்னும் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். எங்கேஜ், எங்கேஜ்.

போன் கிடைத்திருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடியது இவ்வளவுதான்: வாயோட வாய் வைச்சு ஊதுங்கோ, நிப்பாட்டாதேங்கோ, ஊதிக்கொண்டே கொண்டு வாங்கோ. ஒரு வரி. ஐயா அதைக் கொண்டு சைக்கிளில் திரும்ப இன்னும் பத்து நிமிடம். எட்டு நாற்பத்தேழு. அயல் வீட்டு உழவு இயந்திரம் வந்து உம்மை அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றியது கிட்டத்தட்ட அந்த நேரம். உம்முடைய மூச்சு நின்றது வழியில் வாய்க்கால் மதகடியில் என்கிறார்கள். மதகைத் தாண்டியது எத்தனை மணிக்கென்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவரிடமும் மணிக்கூடு இல்லை. இந்தக் கணக்கை நான் தினமும் செய்கிறேன். சிலநாள் நான்கு நிமிடம் மிச்சம் வருகிறது. சிலநாள் வருவதில்லை.

வண்டிப்பாதையால் சுற்றி ஊர்ந்து வந்த உழவு இயந்திரம் தபாற்கந்தோர் வாசலில் நின்றபோது ஐயா நான்காம் தரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பி உம்மைப் பார்த்த பிறகுதான் லைன் கிடைத்தது. நான் அப்போதுதான் றிசீவரைத் திரும்ப வைத்திருந்தேன்.

"தம்பி, மாமா கதைக்கிறன். இனி ஒண்டும் இல்லை, தம்பி."

ஒன்பது பன்னிரண்டு.

ஆசுபத்திரி வான் வண்டியில் நான் வந்து சேரும்போது உம்மை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நான் உம்முடைய கழுத்துக்குக் கீழே கையை வைத்து ஐந்து வரை எண்ணினேன். சத்தமாக எண்ணினேன் என்று பிறகு சொன்னார்கள். மாமா வந்து என் தோளைப் பிடித்தார். ஐந்துக்குப் பிறகு எழும்பிவிட்டேன். அழவில்லை. அதைப்பற்றி ஊரில் கதை இருக்கிறது. எனக்கு ஒருவரும் ஒரு மருந்தும் போடவில்லை. கையும் காலும் சொன்னபடி கேட்கின்றன, சாப்பிடுகிறேன், சிலிண்டர் மாற்றுகிறேன். கியூராரே போட்டவருக்கு உள்ளே எல்லாம் இருக்கும், வெளியே அசையாது. எனக்கு வெளியே எல்லாம் அசைகிறது.

தங்கச்சியிடம் நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. மூச்சு குறைந்து, கண் மூடி, விரல் அசையாமல் கிடந்த அந்த நேரம் நீர் உள்ளே இருந்தீர். அது எனக்குத் தெரியும். அங்கிருந்த வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. கண் மூடியவுடனேயே ஒப்பாரி வைத்திருப்பார்கள், நீர் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பீர் என்று முப்பத்தொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி சொன்னா: "இல்லை அத்தான். அம்மா குளறத் தொடங்கினவா. நான் வாயைப் பொத்தினன். அக்காவுக்குக் கேக்கும், அழாதேங்கோ எண்டன். எனக்குப் பைத்தியம் எண்டு நினைச்சவை. அக்காதானே எனக்குச் சொன்னவா, அசையாட்டியும் கேக்கும் எண்டு. நான் பெட்டியில பக்கத்தில படுத்துக் காதுக்க கதைச்சுக்கொண்டே வந்தனான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. நான் பக்கத்தில இருக்கிறன், முறியும் எண்டு சொன்னன். பிறகு உழவு மிசினுக்கு முன்னால மாடு நிக்குது எண்டு சொன்னன். பிறகு... அக்கான்ர நீலச் சீலையைக் கிழிச்சது எலியில்லை, நான்தான் எண்டு சொன்னன். இன்னும் ஒண்டு சொல்ல வேணும் அத்தான். மிசின் வர முதல், நாக்குக் குழறத் தொடங்கினாப் பிறகு, எத்தினை மணி எண்டு அக்கா கேட்டவா. எட்டரை தாண்டியிருக்கும் எண்டு நான் சொன்னன். 'அப்ப கழட்டி வைச்சிருப்பார்' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சவா."

முகத்தில் தசை வேலை செய்யாத நேரம் அது. சிரிப்பு எப்படி வரும் என்று நான் தங்கச்சியிடம் கேட்கவில்லை. அவ கண்டது சிரிப்பென்றே இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து நான் றிசீவரைக் கழற்றவில்லை. மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். பெரும்பாலும் சலவைக்காரர், அல்லது சிலிண்டர் லொறி. ஆட்கள் அந்தச் சத்தத்தோடு எழும்பினார்கள். அவர்களுக்கு உம்முடைய வசனத்தையும் நான் சொல்லவில்லை. கண்ணைத் திறவுங்கோ, நாக்கை நீட்டுங்கோ, அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது டொக்டர் ஐயா கூப்பிட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனேன். இரணைமடுப் பக்கத்திலிருந்து ஒரு பெண், குடல்வால் வெடிக்கும் நிலையில் வந்திருந்தா. முன்னேற்பாடாக வார்டுக்குப் போய் ஒருவரும் அவவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு நேரம் இருக்கவில்லை. ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. முறிப்பு மருந்து கொடுத்து இரண்டு நிமிடம் இருக்கும், போன் அடித்தது. உம்முடைய இடத்துக்கு வந்த புது மிஸி எடுக்கப் போகுமுன் ஐந்தாறு தரம் அடித்துவிட்டது. நான் பையைப் பிடித்தபடி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஒரு தசையும் அசையவில்லை. மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

டொக்டர் ஐயாவும் அதைக் கண்டார். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

போனில் சிலிண்டர் லொறிக்காரர். பிறகு கதைக்கச் சொல்லிவிட்டு எக்ஸ்சேஞ்சைக் கேட்டேன்.

"தியேட்டர். பத்து நிமிசம் கழட்டி வைக்கப் போறன். ஆரும் கேட்டா எங்கேஜ் எண்டு சொல்லி விடாதேங்கோ. ஆசுபத்திரி ஓபிசுக்குக் குடுங்கோ. அங்கயிருந்து ஆள் ஓடி வரும்."

அன்று காலை உம்முடைய ஐயாவுக்கு மூன்று தரம் எங்கேஜ் என்று சொன்னவர் அவர்தான். நான்காம் தரம் இணைத்தவரும் அவர்தான்.

"சரி ஐயா" என்றார். "நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் வையுங்கோ."

றிசீவரை மேசையில் வைத்துவிட்டு வந்து குனிந்தேன். கை கொடுக்கப் புது மிஸியைக் கூப்பிட்டேன். "அம்மா, நீங்கள் உயிரோட இருக்கிறியள். நான் பக்கத்தில இருக்கிறன். மருந்து இன்னும் முறியேல்லை, முறியும். தலையைத் தூக்கச் சொல்லுவன், தூக்கலாம், தலையிடி வராது." பஸ் வெளிக்கிடுகிற அறிவித்தல் மாதிரித்தான் இருந்தது. நீர் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்.

தலையைத் தூக்கினா. முதலில் இரண்டு. பிறகு மூன்று. புது மிஸியின் கையை அவ இறுக்கியபோது மிஸி "ஆ" என்றா. பிறகு ஐந்து.

இப்போது அவ மீட்பு மூலையில் நித்திரை. மூச்சு நன்றாக இருக்கிறது, மார்பு தானாக ஏறி இறங்குகிறது, பக்கத்தில் கதிரை போட்டு மடியில் கொப்பியை வைத்து எழுதுகிறேன். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. திரும்ப வைக்க வேண்டும், வைப்பேன். அவ கண் திறந்து எங்கே இருக்கிறேன் என்று கேட்கும்வரைக்கும் றிசீவர் கழற்றியபடியே மேசையில் கிடக்கட்டும்.